முதற்பிரதி யாருக்கு?

வரலாற்றறிஞர்கள் ஆட்சியாளருக்குச் சேவகம் செய்கிறார்கள் என்று நாம் குறைப்படுவதுண்டு. அதில் நியாயமும் உண்டு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது அதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழ் பேசுவோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட மாகாணத்துக்கு முதலில் நியமிக்கப்பட்ட 11 பேரில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. தொல்லியல் கற்றோரும் அதில் அமர்ந்தார்கள். படைத்துறை தலைமை தாங்கும் ஆய்வில் அறிஞருக்கு என்ன வேலை? முத்திரை குத்துவதா?

இது புதிதுமல்ல. 1888 இல் பொன். இராமநாதன் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரை, சோனகர் இனத்தால் தமிழரே என்றது. வாசித்தவரோ சட்டநிரூபண சபையில் தமிழ் பேசுவோரின் பிரதிநிதி. மறு ஆண்டே முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் நியமனமானார். 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுப்பு நூல் எழுதினார். அவரது துணிவை மதிக்கிறேன். ஆனாலும் இரண்டுமே பிரதிநிதித்துவத்தை மனதில் வைத்து எழுதிய விண்ணப்பங்கள்தாம். மூதாதையர் யார் என்ற வழக்கில் வயல் செய்தவனும் பாய் இழைத்தவளும் காணாமற் போனார்கள்.

இன்று நாம் செய்வதென்ன? ஊர் வரலாறு ஒன்று வெளிவந்தால் முன்பக்கத்தில் அரசியல்வாதியின் வாழ்த்துரை, முதற்பிரதியும் அவருக்கே. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் புலிகள் செய்த படுகொலையை எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். அதே மாதம் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டதையும், முஸ்லிம் ஊர்காவற் படையினர் மீதான குற்றச்சாட்டையும் எழுதுகிறோமா? வாழ்த்துரை தந்தவர் முகம் சுளிப்பாரே என்று விட்டுவிடுகிறோம். பிறகு செயலணியைக் குறை சொல்ல நமக்கென்ன தகுதி?

பேராதனைப் பேராசிரியர் லெஸ்லி குணவர்தன 1979 இல் வெளியான கட்டுரையில், சிங்கள அடையாளம் காலத்துக்குக் காலம் மாறி உருவானது என்று கல்வெட்டுகளையும் வரலாற்றேடுகளையும் கொண்டே காட்டினார். எதிர்ப்புக் கிளம்பியது. தன் சமூகம் கேட்க விரும்பாததை ஆதாரத்தோடு சொல்பவனே வரலாற்றாசிரியன். நம்மில் அப்படி எத்தனை பேர்?

நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன். பெருமை பேசும் நூல்கள் போதியளவு இருக்கின்றன. அடுத்த ஊர் வரலாற்றை எழுதுவோருக்கு ஒன்று சொல்வேன்: வாழ்த்துரைக்காக அமைச்சர் வாசலுக்குப் போகாதீர்கள். முதற்பிரதியைப் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுங்கள். அவர்கள் வாசித்துப் பிழை சொல்லட்டும்.