அந்தப் பிள்ளை செய்த பெட்டிதான் சரி



லண்டனில் இருந்து வந்த நண்பர் ஒருவர் எங்கள் பாடசாலைப் பொழுதுபோக்குக் கழகத்துக்கு நான்கு மாதிரி ரயில் பெட்டிகள் தந்தார். எல்.என்.ஈ.ஆர். என்ற பிரித்தானிய ரயில் கம்பனியின் தேக்குமரப் பெட்டிகளை 76இல் ஒரு பங்காகச் சுருக்கிய பழைய பிளாஸ்டிக் மாதிரிகள். நிறம் உரிந்து கிடந்தன. மரரேகை தெரியும்படி திரும்ப நிறம் தீட்டுவோம் என்றோம்.

முதலில் வெளிர் மஞ்சள் கலந்த கபில நிறம். அது நன்றாகக் காய்ந்த பின், ஓவியர்கள் பாவிக்கும் எண்ணெய் வர்ணத்தில் கடும் கபிலம் துளியளவு எடுத்து, தூரிகையைக் கடதாசியில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் ஒரே திசையில் மெதுவாக இழுக்க வேண்டும். எண்ணெய் வர்ணம் ஆறுதலாகத்தான் காயும். பிழைத்தால் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்யலாம்.

மூன்று பெட்டிகள் அச்சடித்தது போல வந்தன. நாலாவதைச் செய்த மகன் ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு நிறம் கொடுத்திருந்தார். ஒன்று வெளிர், அடுத்தது கடும், இன்னொன்று செம்மை. "என்ன மகன் இது? ஒரே மாதிரி வரல்லையே, துடைச்சிட்டுச் செய்யுங்க" என்றோம்.

அவர் ஓர் ஓடாவியின் பிள்ளை. மெதுவாகக் கேட்டார்: "சேர், ஒரே பலகையிலயா முழுப் பெட்டியையும் செஞ்சிருப்பாங்க?"

அதற்குப் பிறகுதான் நாங்கள் இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்டுள்ள உண்மையான பெட்டிகளின் படங்களைத் தேடிப் பார்த்தோம். பலகைக்குப் பலகை நிறம் வேறு, ரேகை வேறு. வார்னிஷ் பழசாகக் கறுத்த இடம் வேறு. பிள்ளை சொன்னதுதான் சரி.

எங்களில் ஒருவர், "உண்மையான மரத்தோலையே ஒட்டினால் என்ன?" என்றும் கேட்டிருந்தார். கணக்குப் பார்த்தோம். இந்த மாதிரியில் 1 மில்லிமீற்றர் ரேகை, நிஜப் பெட்டியில் 76 மில்லிமீற்றர். நாலு விரல் அகல ரேகை எந்தத் தேக்கில் இருக்கிறது? உண்மையான மரம் இங்கே பொய்யாகத் தெரியும், மெல்லிய வர்ணம்தான் மரமாகத் தெரியும். அந்தக் கம்பனியே பிற்காலத்தில் உருக்குத் தகட்டில் செய்த பெட்டிகளுக்குத் தேக்கு போல நிறம் தீட்டியிருக்கிறது.

எங்கள் கருத்து இதுதான். சித்திர பாடத்திலும் ஒப்படைகளிலும் "ஒரே மாதிரி" இருப்பதற்கே நாம் புள்ளி போடுகிறோம். உற்றுப் பார்த்துச் செய்த பிள்ளைக்குச் சிவப்புப் பேனையால் கோடு போடுகிறோம். திருத்த முன் "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று ஒரு தரம் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

அந்த மகனிடம் கழகத்தில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டோம். மற்ற மூன்று பெட்டிகளையும் துடைத்துவிட்டோம். வருகிற வாரம் அவர்தான் எங்களுக்குப் பழக்கப் போகிறார்.