எரிபொருள் கியூஆர் தந்த பாடமும் வரப்போகும் டிஜிட்டல் அடையாள அட்டையும்

2022 ஜூலையில் எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் இரவு பகலாக நின்ற வரிசைகளை நாம் மறந்துவிடவில்லை. அந்த நெருக்கடிக்குள்தான் ஜூலை 16ஆம் திகதி தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் என்ற கியூஆர் முறை அறிமுகமானது. முதலில் கொழும்பில் சில நிரப்பு நிலையங்களில் மட்டும் அதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஓகஸ்ட் 1 முதல் அது நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

அந்த முறை பிழையில்லாமல் வரவில்லை. ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வாகனம் என்றுதான் தொடங்கியது. பல வாகனங்கள் வைத்துத் தொழில் செய்தவர்கள் தவித்தார்கள். பின்னர் வியாபாரப் பதிவு இலக்கத்தின் கீழ் பல வாகனங்களைப் பதிய வழி செய்யப்பட்டது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று தொடங்கிய பங்கீட்டு அளவும் பிறகு கூட்டப்பட்டது. தேவை தீர்ந்ததும் 2023 செப்டெம்பரில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

சிறிதாகத் தொடங்கு, பாவிப்பவனிடம் கேள், திருத்து, பிறகு பெரிதாக்கு. மென்பொருள் உலகில் இதற்கு அஜைல் என்று பெயர். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் இதற்கான பிரகடனத்தை வெளியிட்டார்கள். ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. தவணைப் பரீட்சை வரும்வரை காத்திருந்தால் பிள்ளைக்கு விளங்காதது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவரும். பாடத்தின் நடுவிலேயே கேள்வி கேட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

அரச திணைக்களங்களின் வழமை தவணைப் பரீட்சை போன்றது. எல்லாத் தேவைகளையும் முன்கூட்டியே எழுதி, கேள்விப்பத்திரம் கோரி, கடைசியில் முழுதாக ஒரே நாளில் திறப்பார்கள். வல்லரசிலும் இது தோற்றது. 2013 ஒக்டோபர் 1ஆம் திகதி அமெரிக்க அரசு தன் மருத்துவக் காப்புறுதி இணையத்தளத்தை நாட்டின் பெரும்பகுதிக்கும் ஒன்றாகத் திறந்தது. முதல் நாளில் பதிவை முழுமையாக முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர்.

நம் நாட்டில் 2023இல் அஸ்வெசும பெயர்ப்பட்டியல் வெளியானபோது இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. பிறகு திருத்தங்கள் நடந்தன என்பது உண்மை. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு பிரதேச செயலகங்களில் வரிசையில் நின்ற ஏழைகள். சில கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் முன்கூட்டியே பரீட்சித்து, அங்கு கண்ட பிழைகளைத் திருத்திவிட்டு நாடு முழுவதற்கும் சென்றிருந்தால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

இப்போது இந்திய நன்கொடை உதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் தயாராகி வருகிறது. இதில் நம் சமூகம் விழிப்பாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டு ஆவணங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முஹம்மது என்ற ஒரே பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், கடவுச்சீட்டில் வேறொரு எழுத்துக்கூட்டலிலும் இருக்கக்கூடும். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் மற்றோரிடத்தில் முழுமையாகவும் இருக்கும். மனிதக் கண்ணுக்கு இவை ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆட்கள். கொழும்பில் இருந்து மென்பொருள் எழுதுபவருக்கு இது தானாகத் தெரியவராது. காத்தான்குடியிலும் கல்முனையிலும், நான் இருந்து எழுதும் வாவிக்கரை மண்டூரிலும் சாதாரண மக்களை வைத்துப் பரீட்சித்தால்தான் தெரியவரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 'பிறகு திருத்தலாம்' என்பது அரைகுறை வேலைக்குச் சாட்டாகிவிடக் கூடாது. கைரேகை போன்ற தகவல்கள் ஒருமுறை கசிந்தால் திருத்த முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முதல் நாளில் இருந்தே பேணப்பட வேண்டும். புதிய முறை உறுதிப்படும்வரை பழைய அடையாள அட்டையும் செல்லுபடியாக வேண்டும். தமிழ் இடைமுகம் பின்னால் சேர்க்கப்படும் மொழிபெயர்ப்பாக இல்லாமல் முதல் பதிப்பிலேயே இருக்க வேண்டும்.

அரசாங்கம் கேட்கும்வரை நாமும் காத்திருக்கத் தேவையில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊரின் பட்டதாரி இளைஞர்களும் இந்தப் பெயர் முரண்பாடுகளை இப்போதே தொகுத்து, பிரதேச செயலகங்கள் ஊடாகவும் மக்கள் பிரதிநிதிகள் ஊடாகவும் உரிய அமைச்சுக்குக் கொடுக்கலாம். திட்டம் திறக்கப்பட்ட பிறகு கொடுக்கும் நூறு முறைப்பாடுகளைவிட, அதற்கு முன் கொடுக்கும் ஒரு பட்டியல் பயனுள்ளது.