துயரச் செய்தியும் அவசரத் தீர்ப்பும்

நிலநடுக்கம், வெள்ளம் என்று எங்கிருந்தோ ஒரு செய்தி வந்தால், பூஜை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும் வரிசையிலேயே தீர்ப்பும் பிறந்துவிடுகிறது. "எல்லாம் அவரவர் செய்த பாவத்தின் பலன்" என்கிறார் ஒருவர், கேட்பவர் தலையாட்டுகிறார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னும் இப்பேச்சு எழுந்தது. நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் அன்று மாண்டவர்களில் கைக்குழந்தைகளும் இருந்தனர்.

பெரியோரும் இவ்வாறு சொன்னதுண்டு. 1934 ஜனவரி 15இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அச்சமயம் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், அது தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை என்று திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமையை வெறுத்த மகாகவி தாகூரே இதை மறுத்தார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் உண்டு என்பது அவர் வாதம். காந்தியடிகள் அம்மறுப்பைத் தமது 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பீகாருக்கு உதவி கேட்பதையும் நிறுத்தவில்லை.

ஆனால் காந்தியடிகள் பாவம் என்றது தம்மையும் சேர்த்த சமூகத்தின் பாவத்தை. வரிசையில் பேசுகிறவரோ மாண்டவர்மேல் பழி போடுகிறார். பக்கத்தில் நிற்பவர் அங்கே உறவினரைப் பறிகொடுத்தவராகவும் இருக்கலாம். கர்மவினைக் கொள்கை ஒருவன் தன்னைத் திருத்திக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டது. பிறர் துயரை அளக்கும் கோல் அதுவன்று.

துயரச் செய்தி கேட்ட அன்பர்கள் முதலில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்திக்கட்டும். நிவாரண நிதிக்கு இயன்றதைக் கொடுக்கட்டும். வினைக்கணக்கை இறைவன் பார்த்துக்கொள்வான்.