ஒரு கிரவுண்டில் எட்டு வீடு, பூங்கா எங்கே?

வீட்டுக்கு பிளான் வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால், சென்னையில் இனி அடுக்குமாடியே கூடாது என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஊர் செங்கல்பட்டைத் தாண்டி நீண்டு ஏரியையும் வயலையும் தின்பதைவிட, பஸ்ஸும் மெட்ரோவும் ஓடுகிற இடத்திலேயே இன்னும் நாலு குடும்பம் குடியேறட்டும். என் சண்டை வேறு.

மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்குதான் எஃப்எஸ்ஐ. முன்பு ஒன்றரையாக இருந்த அது, 2019 கட்டட விதிகளின்படி உயரமில்லாக் கட்டடங்களுக்கு 2. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி கட்டலாம். சாலை அகலமாக இருந்தால் அரசுக்குப் பணம் கட்டி இன்னும் கொஞ்சம் வாங்கலாம்; அதுதான் பிரீமியம் எஃப்எஸ்ஐ. தனி வீடு இருந்த இடத்தில் கீழே கார், மேலே எட்டுக் குடும்பம்.

அதே விதிகளில் ஓஎஸ்ஆர் என்ற திறந்தவெளி ஒதுக்கீடும் இருக்கிறது. மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், 10 சதவீத இடத்தைத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால், இடம் தர வழியில்லாதபோது பணமாகக் கட்டலாம். 3,000-க்குக் கீழே இடம் தரவே வேண்டாம். 3,000 சதுர மீட்டர் என்பது கிட்டத்தட்ட பதிமூன்றரை கிரவுண்டு. மாம்பலத்திலும் கொளத்தூரிலும் அவ்வளவு பெரிய மனைக்கு எங்கே போவது? அங்கெல்லாம் ஊர் நெருங்குவது ஒவ்வொரு கிரவுண்டாகத்தான். ஒரே தெருவில் இருபது வீடு இடிந்து நூற்றறுபது குடும்பம் வந்தாலும், விதிப்படி ஒரு அடி திறந்தவெளிகூடக் கிடைக்காது. என்னிடம் வருகிறவர்களின் முதல் கேள்வி, "கார் எத்தனை நிக்கும்?" மரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கொடுத்த இடத்தின் கதையைப் பாருங்கள். எங்கள் பகுதியில் ஓஎஸ்ஆர் பூங்கா ஒன்று, டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிய முக்கோணத்தில் இருக்கிறது. அதற்கு வழி அடுக்குமாடி வளாகத்துக்குள்ளே. உள்ளே நுழைந்தால் வாட்ச்மேன், "எந்த பிளாட் சார்?" என்கிறார். மத்தியானம் அதுவும் பூட்டு; சோறு கொண்டுபோகிற டெலிவரி பையன்கள் வெளியே வண்டி மேலேயே உட்கார்ந்து தங்கள் சோற்றைச் சாப்பிடுகிறார்கள். இந்த ஒதுக்கீட்டு விதி செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கேட்டைத் திறக்க அதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்?

கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் 118 ஏக்கரைப் பூங்காவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ரொம்ப நல்லது. ஆனால் கொளத்தூர்ப் பாட்டி தினம் சாயங்காலம் பேரனைக் கூட்டிக்கொண்டு கிண்டிக்கா போவார்? அவருக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரே ஒரு கிரவுண்டு போதும்: வேப்பமரம், நாலு பெஞ்சு, மழைத் தண்ணீர் இறங்க மண் தரை, பூட்டாத கேட்.

பிரீமியம் எஃப்எஸ்ஐ பணமும், ஓஎஸ்ஆர் இடத்துக்குப் பதிலாக வாங்கும் பணமும் அதே வார்டில் இப்படி மனை வாங்கவே செலவாக வேண்டும். எட்டு வீடு கட்டுகிறவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் கட்டட்டும். பிளாட் விலை ஏறும் என்பார்கள். மூடிய கார் பார்க்கிங்குக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறோமே, அப்போது வராத வலியா?

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போனால் கவுன்சிலரிடம் கேளுங்கள்: நம் வார்டில் மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்த ஓஎஸ்ஆர் இடங்கள் எவை, அவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது?