‘நீந்தக் கூடாது’ என்பது எச்சரிக்கையா?

2016 ஜூன் 14 இரவு, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டிஸ்னி வேர்ல்டு வளாகத்திலுள்ள ஆடம்பர விடுதி ஒன்றின் ஏரிக்கரையில் இரண்டு வயதுச் சிறுவனை முதலை ஒன்று இழுத்துச் சென்றது. தந்தை நீரில் இறங்கிப் போராடியும் பயனில்லை. மறுநாள் உடல்தான் கிடைத்தது.

அப்போது சமூக ஊடகங்களில் பலர் பெற்றோரையே சாடினர். கரையில் ‘நீந்தக் கூடாது’ என்ற பலகை இருந்ததே என்பது அவர்களின் வாதம். இந்த வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தக் குழந்தை நீந்தவில்லை. கரையோரத்தில், கணுக்காலளவு நீரில் நின்றது. ‘நீந்தக் கூடாது’ என்பதைப் படிக்கும் எவரும் ஆழத்தையோ, உயிர்காப்பாளர் இல்லாததையோதான் நினைப்பார்கள். முதலை நினைவுக்கு வராது. காரணத்தைச் சொல்லாத தடை, எச்சரிக்கை ஆகாது.

அந்த ஏரி இயற்கையானதும் அல்ல. 1971இல் திறக்கப்பட்ட கேளிக்கை வளாகத்துக்காக வெட்டப்பட்டது. அதன் கரையில் வெண்மணலைப் பரப்பி, சாய்வு நாற்காலிகளைப் போட்டு, அன்று மாலை திரைப்படமும் காட்டியது விடுதி. முதலைகள் சுறுசுறுப்பாக இரைதேடும் நேரம் அந்தி முதல் விடியல் வரை. அதே நேரத்தில், அதே கரைக்கு, குழந்தைகளோடு வாருங்கள் என்று அழைத்தது நிறுவனம்தான்.

ஃபுளோரிடாவின் 67 மாவட்டங்களிலும் முதலைகள் உண்டு. தன் வளாகத்திலிருந்தே நிறுவனம் அவற்றைப் பல ஆண்டுகளாகப் பிடித்து அகற்றிவந்தது. முதலைகளே வாழாத நெப்ராஸ்காவிலிருந்து வந்த குடும்பத்துக்கு அது எப்படித் தெரியும்? ‘உள்ளூர்க்காரர் எல்லோரும் அறிந்ததுதானே’ என்போர், விடுதியில் தங்குபவர் உள்ளூர்க்காரர் அல்லர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தன் வசத்தில் இல்லாத காட்டு விலங்கின் செயலுக்கு நில உரிமையாளர் பொதுவாகப் பொறுப்பாளியல்லர் என்பது அமெரிக்கச் சட்ட மரபு. அதில் நியாயமும் உண்டு. நீர்வழிகள் ஒன்றோடொன்று இணைந்த அந்த மண்ணில் கடைசி முதலை வரை அகற்றுவது நடவாத காரியம். ஆனால், தான் அறிந்த ஆபத்தை விருந்தினரிடம் சொல்வது நடக்கக்கூடிய காரியமே. பெற்றோர் வழக்குத் தொடுப்பதில்லை என்று முடிவெடுத்தனர். அவர்களின் துயரத்தை மதிக்க வேண்டும். எனினும், ‘நீந்தக் கூடாது’ என்ற பலகை போதுமானதா என்ற கேள்வி இந்த மரணத்தை முன்வைத்து நீதிமன்றத்தில் ஆராயப்படாமலே போனது.

சில நாட்களிலேயே கயிற்று வேலி வந்தது. முதலை, பாம்பு படங்களுடன் புதிய பலகைகள் வந்தன. பின்னர் கற்சுவரும் எழுந்தது. ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர் ஈட்டும் நிறுவனத்துக்கு இது பெரிய செலவல்ல. முன்பே செய்யாததற்கு விருந்தினர் அஞ்சி விலகுவர் என்ற வணிகத் தயக்கமே காரணமாக இருக்கும் என நான் ஊகிக்கிறேன். ஆகவே, இத்தகைய பலகைகளையும் தடுப்புகளையும் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடாமல், நீர்நிலையோர விடுதிகளின் உரிம நிபந்தனையிலேயே அரசு சேர்க்க வேண்டும்.