பூனை ஓர் அமானிதம்: அடைத்து வைத்தவரே பொறுப்பாளர்

பூனை வளர்ப்பது நபிவழி என்று சொல்லிப் பெருமிதம் கொள்ளும் வீடுகள் நம் சமுதாயத்தில் பெருகிவிட்டன. தம் ஆடையின் மீது உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி நபி (ஸல்) அவர்கள் ஆடையையே வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்னும் கதையை நாம் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். ஹதீஸ் நூல்களில் ஆதாரமில்லாத இக்கதையில் நமக்குள்ள ஆர்வம், புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள உறுதியான செய்தியில் இல்லை. ஒரு பூனையைத் தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ள சிறு உயிர்களைத் தானே தின்று வாழவும் விடாமல் அடைத்துவைத்துச் சாகடித்த பெண் தண்டனைக்கு ஆளானாள் என்பதே அச்செய்தி.

அப்பெண்ணின் குற்றம் பட்டினி போட்டது மட்டுமன்று. தன் வாழ்வைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய ஓர் உயிரை அடைத்து, அதன் வழியை மறித்துவிட்டு, மறித்ததால் வந்த பொறுப்பைக் கைவிட்டாள். மூன்றாம் மாடிக் குடியிருப்பில், வலையடித்த பால்கனிக்குள் வாழும் நம் பூனையின் நிலையும் அதுவே. அது எதை உண்பது, எங்கே நீர் குடிப்பது, எந்த மூலையில் சிறுநீர் கழிப்பது என்பதையெல்லாம் நாமே தீர்மானிக்கிறோம். ஆகவே அதன் சிறுநீர்ப்பையும் குடலும் நம் கணக்கில்தான் எழுதப்படுகின்றன.

வீட்டுப்பூனையின் மூதாதை, நீர் அரிதான மேற்காசிய நிலங்களின் காட்டுப்பூனை. இரையின் உடலிலிருந்தே பெரும்பகுதி நீரைப் பெற்றுக்கொண்ட இனம் என்பதால் அதற்குத் தாக உணர்ச்சி குறைவு. எலியின் உடலில் நூற்றுக்கு 70 பங்கு அளவுக்கு நீர். நாம் பொட்டலத்தில் வாங்கிக் கொட்டும் உலர்தீவனத்தில் 10 பங்கு அளவே. அத்துடன் ஓடியாட இடமின்மை, உடற்பருமன், விருந்தினர் கூட்டம், புதிதாக வந்த இன்னொரு பூனை, அள்ளப்படாத மணல் தட்டு ஆகியன சேரும்போது சிறுநீர்ப்பை அழற்சி வருகிறது. சில பூனைகளுக்குக் கல்லும் உண்டாகிறது.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்கிறோம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. அழற்சியின் கசடோ நுண்கல்லோ அதை முற்றிலும் அடைத்துவிடும். பூனை மணல் தட்டுக்கு மீண்டும் மீண்டும் போகும், குந்தி முக்கும், கத்தும், பின்புறத்தை நக்கிக்கொண்டே இருக்கும், ஆனால் சொட்டும் வராது. வெளியேற முடியாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்துகிறது. இரண்டு மூன்று நாள்களில் உயிர் போய்விடும். இது நாளை பார்க்கலாம் என்று ஒத்திவைக்கும் நோயன்று. அன்றே, அந்த இரவே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியது. அவர் மயக்கமளித்து, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்குவார்.

நம் வீடுகளில் நடப்பதோ வேறு. முக்குவதைக் கண்டு மலச்சிக்கல் என முடிவு செய்து விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்கிறார்கள். நிரம்பிய பை அதில் வெடித்துவிடலாம். வலிக்கிறதே என்று இரக்கப்பட்டுப் பாரசிட்டமால் கொடுக்கிறார்கள். நமக்கான ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதுமானது. ஓதி ஊதிய நீரைக் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருப்பவர்களும் உண்டு. துஆ செய்வதை யார் தடுத்தார்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று கற்ற சமுதாயம் நாம்.

இவர்களினும் கொடியவர்கள், முஸல்லாவில் சிறுநீர் கழித்தது என்பதற்காகப் பூனையைச் சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவருபவர்கள். பூனையின் சிறுநீர் நஜீஸ் என்பதில் நமக்கு மறுப்பில்லை. துணியைக் கழுவினால் அது தீர்ந்தது. தட்டை நன்கு அறிந்த பூனை திடீரென விரிப்பிலும் மெத்தையிலும் கழிக்கிறதென்றால், பெரும்பாலும் தட்டில் அமரும்போது வலித்திருக்கிறது என்று பொருள். அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் வடித்த ஒட்டகத்தைத் தடவிக்கொடுத்த நபி (ஸல்) அவர்கள், அது பசியையும் களைப்பையும் முறையிட்டதாகச் சொல்லி உரிமையாளரையே கண்டித்தார்கள் என அபூதாவூதில் காண்கிறோம். நமக்கோ முறையீடு குறும்பாகத் தெரிகிறது.

உணவிலும் இதே அறியாமைதான். பூனைக்குப் பால் என்பது நம் பாட்டிமார் காலத்து நம்பிக்கை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாற்சர்க்கரை செரிப்பதில்லை; வயிற்றுப்போக்கே மிஞ்சும். பிரியாணிச் சோற்றிலும் சால்னாவிலும் உள்ள வெங்காயமும் பூண்டும் அதன் இரத்த அணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். தையல் நூலை விழுங்கி வாயிலோ மலவாயிலோ நுனி தெரிந்தால் இழுக்கக் கூடாது. உள்ளே குடல் அறுபடும். இரண்டு நாள் உண்ணாத பூனையை, குறிப்பாகக் கொழுத்த பூனையை, நோன்பு பிடிக்கிறது என்று கேலி பேசாதீர்கள். அதன் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

செய்ய வேண்டியது பெரிதன்று. வேகவைத்த மீனையோ கோழியையோ உப்பும் மசாலாவும் இல்லாமல் அதன் நீரோடு தீவனத்தில் கலந்து வையுங்கள். அகன்ற கிண்ணங்களில் நீரை, மணல் தட்டுக்குத் தொலைவில், இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். உளூவுக்கு வைத்த நீரைப் பூனை குடிப்பதற்காக அபூகத்தாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்களே, அந்தச் செயலைப் பின்பற்ற எந்தச் செலவும் இல்லை. மணலை நாள்தோறும் அள்ளுங்கள். அள்ளும்போது சிறுநீர்க் கட்டிகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருமுறை அழற்சி வந்த பூனைக்கு எத்தகைய தீவனம் என்பதை மருத்துவரே சொல்லட்டும். கற்களில் ஒருவகை உணவு மாற்றத்தால் கரையும், இன்னொருவகை கரையாது. கடைக்காரரின் ஆலோசனை இங்கே உதவாது.

ஒரு பூனைக்காக இவ்வளவு செலவு வீண்விரயமல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். பல்லாயிரம் கொடுத்துப் பாரசீகப் பூனை வாங்கிய நாளில் வீண்விரயம் பற்றிய வசனம் இவர்களின் நினைவுக்கு வரவில்லை. மருத்துவர் சீட்டைக் கண்டதும் வருகிறது. உண்மையிலேயே வசதி குறைந்தவர்களுக்கு அரசு கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. சென்னை வேப்பேரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளே இயங்குகின்றன. உங்கள் ஊரில் இரவில் பார்க்கும் மருத்துவர் யார் என்பதை, பூனை நலமாக இருக்கும் இன்றே விசாரித்து, தொலைபேசி எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.