பொறுப்பு என்னும் சொல்லும் பதின்மூன்று ஊர்க் கிணறுகளும்

நம் துறையில் இளங்கலைத் தமிழ் முடித்துச் சட்டக் கல்லூரியில் சேரும் மாணவர் சிலர் விடுமுறையில் நம்மைக் காண வருவதுண்டு. கையில் சட்டவியல் பாடநூல் இருக்கும். "ஐயா, உரிமை, உடைமை, கடமை, பொறுப்பு என்று தனித்தனியே வரையறை எழுதி மனப்பாடம் செய்கிறோம், ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு நெஞ்சில் நிற்கவில்லை" என்பர். நாம் சட்டம் பயின்றோர் அல்லோம், சொல்லைப் பயிற்றுவிப்போர். ஆயினும் ஒரு சொல்லின் பொருளை அது வழங்கும் இடத்தில் வைத்தே அறிதல் வேண்டும் என்பது நம் துறையின் முதற்பாடம். இச்சொற்கள் வழங்கிய இடம் இலண்டன் மாநகர் மட்டுமன்று. நம் திண்டுக்கல்லும் ஆகும்.

1991-ஆம் ஆண்டில் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனுத் தாக்கல் செய்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுப்பதாக முறையிட்ட வழக்கு அது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள், நீதியரசர் குல்தீப் சிங் உள்ளிட்ட மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. பாலாற்று வழக்கு என்று எண்ணிப் படிப்போர் அதனுள் நம் ஊரைக் கண்டு வியப்பர். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 13 சிற்றூர்களில் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்திய கணக்கெடுப்பின்படி, குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயின என்று அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. (தீர்ப்பின் படிகள் சிலவற்றில் ரெட்டியார்சத்திரம் 'பெட்டியார் சத்திரம்' என்று பிழையாக அச்சேறியுள்ளது. தில்லிக்குச் செல்லும் வழியில் நம் ஊர்ப்பெயர்கள் படும் பாடு இது.)

இனி அக்கிணறுகளுள் ஒன்றன் கரையில் நின்று நம் சொற்களைப் பார்ப்போம். கிணறு உழவனுக்கு உடைமை; அதில் ஐயமில்லை. அவன் வேலியைத் தாண்டி எவரும் வரவில்லை, எவரும் வாளியைத் திருடவில்லை. பச்சைத் தோல் கெடாதிருக்க இட்ட உப்பு, தோலை ஊறவைத்துக் கழுவும் நீரோடு வெளியேறி, மண்ணுக்குள் இறங்கி, அவன் ஊற்றைச் சென்றடைந்தது. அவனது உடைமை அப்படியே இருக்கிறது, நீர்தான் உவர்ப்பாயிற்று. ஆகவே உடைமை வேறு, உரிமை வேறு. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹோஃபெல்ட் 1913-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாக்கினார்: பிறிதொருவர் மீது ஒரு கடமை இருந்தாலன்றி உரிமை என்று அழுத்தமாகச் சொல்ல இயலாது. உழவனுக்குத் தூய நீரில் உரிமை உண்டெனின், அதைக் கெடாமற் காக்கும் கடமை யாருடையது என்பதே வினா.

பழைய சட்டத்தின் விடை உழவனுக்கு உதவாது. இந்த ஆலை, இந்தக் கவனக்குறைவால், இந்தக் கிணற்றைக் கெடுத்தது என்று அவனே மெய்ப்பித்தல் வேண்டும். ஊர்வழக்கில் 'தோல் ஷாப்பு' எனப்படும் ஆலைகள் பல ஒருங்கே நிற்கையில், எந்த ஷாப்பின் உப்பு எந்த ஊற்றில் கலந்தது என்று எவர் பிரித்துக் காட்டுவார்?

இங்கேதான் 'பொறுப்பு' என்னும் சொல் வளர்ந்த கதை வருகிறது. இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்பவர் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து நீர் கசிந்து, அண்டை நிலத்து ஃபிளெட்சரின் நிலக்கரிச் சுரங்கத்தில் புகுந்தது. தீங்கு விளைக்கக்கூடிய பொருளைத் தன் நிலத்தில் தேக்கிவைத்தவன், தன்பால் குற்றம் இல்லையாயினும் அது வெளியேறி விளைத்த தீங்குக்குப் பொறுப்பாவான் என்று 1868-இல் பிரபுக்கள் அவை முடிவு செய்தது. ஆயினும் இயற்கைச் சீற்றம், மூன்றாம் மனிதர் செயல் என விலக்குகள் சில இருந்தன. 1985 டிசம்பரில் தில்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. அவ்வழக்கில் நீதியரசர் பகவதி தலைமையிலான அமர்வு, பேரிடர் விளைக்கத்தக்க தொழில் நடத்துவோர்க்கு அவ்விலக்குகளும் இல்லை என்றது. இது முழுமைப் பொறுப்பு. முன்னதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வில் பலர் தவறவிடுகின்றனர். விலக்கு உண்டா இல்லையா என்பதே அது.

1996 தீர்ப்பு இன்னும் ஒரு படி சென்றது. மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும். அந்த ஈடு பாதிக்கப்பட்டோர்க்குத் தரும் இழப்பீட்டோடு நில்லாது, கெட்ட நிலத்தையும் நீரையும் சீராக்கும் செலவையும் உள்ளடக்கும் என்றது. மேலும், தன் செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் சுமையை ஆலை நடத்துவோர் தோளில் ஏற்றியது. கிணற்றங்கரை உழவனின் நோக்கில், அத்தீர்ப்பில் அனைத்தினும் பெரியது இதுவே என்பது நம் கருத்து.

இக்கோட்பாட்டைச் சட்டமாக இயற்றியவர் யார் என்று மாணவர் கேட்டல் வேண்டும். சட்டம் என்பது இறையாண்மையுடையோன் ஆணை என்றார் ஆஸ்டின். ஈடு செய்யும் கோட்பாட்டை நாடாளுமன்றம் அச்சொற்களால் அன்று இயற்றியிருக்கவில்லை. அரசமைப்பின் 21, 47, 48-அ, 51-அ (எ) ஆகிய உறுப்புகளிலிருந்தும், பன்னாட்டு வழக்காற்றிலிருந்தும் நீதிமன்றமே அதனை எடுத்தது. விதி இல்லாத இடத்தும் நெறி உண்டு, நீதிபதி அதற்குக் கட்டுப்பட்டவர் என்ற டுவார்க்கினின் கொள்கையே இங்குப் பொருந்துவதாக எமக்குத் தோன்றுகிறது. ஆஸ்டினைக் கொண்டு இத்தீர்ப்பை விளக்கப் புகுவோர் இடர்ப்படுவர்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல நமக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. தமிழக முஸ்லிம்கள் நடத்தும் கல்வி நிறுவனங்கள் பலவற்றின் சுவர்களில் தோல் வணிகர்களின் பொருள் கலந்திருக்கிறது. அவர்தம் கொடையால் பயின்றோர் நம்முள் பலர். 'நம் தொழில் மீது தொடுக்கப்பட்ட வழக்கு' என்று வருந்திய பெரியோரையும் நாம் அறிவோம். அவர்களது வருத்தத்தில் ஒரு நியாயம் உண்டு. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் அனைத்துக்கும் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று தண்டம் விதிக்கப்பட்டது. இரு தொட்டி வைத்துத் தொழில் செய்தவரும் பேராலை நடத்தியவரும் ஒரே தொகை கட்ட நேர்ந்தது. அளவுக்கேற்பப் பங்கிடுதல் நீதியின் இலக்கணம் என்று அரிஸ்டாட்டிலைப் படிப்போர், இச்சமன்மை சமன்மையாகாது என்று எழுதலாம். நாமும் அவ்வாறே கருதுகிறோம்.

ஆனால் தண்டம் ஒருபுறம் இருக்க, ஈடு செய்யும் பொறுப்பை மறுக்க நமக்கு வழியில்லை. உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' என்னும் உரிமையியல் சட்டத் தொகுப்பைப் புரட்டிப் பார்த்தால், தீங்கு நீக்கப்படுதல் வேண்டும் என்ற விதி தொடக்கத்திலேயே நிற்கிறது. ஒரு தீங்கை அதற்கு நிகரான தீங்கால் நீக்கலாகாது என்றும் அது கூறுகிறது. ஆலையைப் பூட்டினால் அங்குக் கூலி வேலை செய்தவர் கதி என்ன என்போர்க்கு இவ்விதி துணையாகும். ஆயின் அடுத்த விதியே, பலரது தீங்கைத் தடுக்கத் தனியொருவர் தீங்கு பொறுக்கப்படும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நேர்மை. முந்தியதை மட்டும் மேடையில் எடுத்துரைப்போர் பெருகிவிட்டனர்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தாலே பொறுப்பு தீர்ந்தது என்போரும் உளர். நுண்ணுயிர் கொண்டு கழிவைச் சிதைக்கும் வழக்கமான முறையால் நீரில் கரைந்த உப்பு நீங்காது. அதற்கு எதிர் சவ்வூடு பரவல் போன்ற செலவுமிக்க முறைகள் வேண்டும். முன்னமே நிலத்தடியில் இறங்கிய உப்போ எந்த நிலையத்துக்கும் வந்து சேராது.

ஆகவே நம் மாணவர்க்கு மாதிரி நீதிமன்றத்துக்கென ஒரு சிக்கல் தருகிறோம். ஓர் ஆலை பல ஆண்டுகளுக்கு முன்னரே மூடப்பட்டது. உரிமையாளர் மறைந்தார். மக்கள் நிலத்தை மனைகளாக்கி விற்றனர். மனை வாங்கியவர் ஆழ்துளைக் கிணறு இறக்க, உவர்நீர் வந்தது. அண்டையிலுள்ள உழவனின் கிணறும் இன்றளவும் உவர்ப்பே. மீட்டமைக்கும் செலவு யாரைச் சாரும்? தந்தையின் சொத்தைப் பெற்ற மக்களையா, விலை கொடுத்து வாங்கியவரையா, அன்று இசைவு வழங்கிய அரசையா? உடைமை, உரிமை, கடமை, பொறுப்பு என்னும் நான்கு சொற்களையும் தத்தம் இடத்தில் வைத்து இரு தரப்புக்கும் வாதுரை எழுதி வருக. எழுதுமுன் ஒருநாள் பொன்னிமாந்துறைப் பக்கம் சென்று, ஏதேனும் ஒரு கிணற்றில் ஒரு வாய் நீர் மொண்டு பாருங்கள்.